காகிதப் பை இளவரசியும் ஐந்து விநாடி மௌனமும்

ஆசிரியருக்கு,

இளவரசிக் கதையைத் தலைகீழாக்கிய படப்புத்தகங்களில் 1980-இல் கனடாவில் வெளியான ராபர்ட் மன்ஷின் ‘தி பேப்பர் பேக் பிரின்சஸ்’ முக்கியமானது. டிராகன் உடையை எரித்து, மணக்கவிருந்த இளவரசனையும் தூக்கிச் சென்றுவிட, அவனை மீட்கக் காகிதப் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறாள் இளவரசி எலிசபெத். வாள் எடுக்கவில்லை, புகழ்ந்து உசுப்பேற்றியே டிராகனை உலகைச் சுற்றிப் பறக்கவிட்டுக் களைக்க வைக்கிறாள். மீட்கப்பட்டவனோ அவள் கோலத்தைக் குறை சொல்கிறான். கல்யாணம் நின்றது!

வாசித்துக் காட்டுவோர் சறுக்குவது இங்கேதான். முடித்த கையோடு ‘பெண் பிள்ளை தைரியமாக இருக்கணும்’ என்று பாடம் நடத்தினால் சிரிப்பு செத்துப்போகும். இளவரசன் பேசியதும் பக்கத்தைத் திருப்பாமல் ஐந்து விநாடி பொறுங்கள். பையையும் அவன் பகட்டு உடையையும் பார்த்துக் குழந்தையே பதில் சொல்லும். மொழிபெயர்ப்போர், கடைசியில் எலிசபெத் இளவரசனைத் திட்டும் வசவைப் பூசி மெழுக வேண்டாம், ‘உதவாக்கரை’ போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்