பாப்பாவுக்கு, மூணாற்றிலிருந்து அப்பா

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நல்லா இருக்கியா தாயி? கொஞ்ச நாளாகப் போன் பண்ணினால் "மீட்டிங்ப்பா" என்று ஒரு வரி வருகிறது, அப்புறம் சத்தமே இல்லை. அம்மா கேட்டால் பிள்ளைக்கு வேலை அதிகம், தொந்தரவு பண்ணாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. இங்கே எல்லாரும் சுகம். தம்பி அடிமாலியில் அதே வேலையில்தான் இருக்கிறான். பெரியப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சேதி இவ்வளவுதான்.

சாமான் ஒதுக்கும்போது தகரப் பெட்டியில் நீ பள்ளிக்கூடத்தில் எழுதின கட்டுரை கிடைத்தது. "எங்கள் ஊர் மூணாறு." ஆங்கிலேயர்கள் மூணாறை உருவாக்கினார்கள் என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறாய், டீச்சரும் நல்ல மார்க் போட்டிருக்கிறார். அதைப் படித்ததில் இருந்து உன்னிடம் பேச வேண்டும் என்று இருந்தது. நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ எழுதினது பொய் இல்லை. 1877-ல் மன்றோ துரை பூஞ்சாறு ராஜாவிடம் இந்த மலையை எழுதி வாங்கினார். 1879-ல் துரைமார்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். அடுத்த வருசம் ஷார்ப் துரை பார்வதி எஸ்டேட்டில் முதல் தோட்டம் போட்டார் என்கிறார்கள். காப்பி, காய்ச்சல் மருந்து எடுக்கிற சிங்கோனா மரம் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, கடைசியில் தேயிலைதான் நிலைத்தது. 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி வந்தது. எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் ஷார்ப் துரை ஒற்றை ஆளாக நின்றா அந்தக் காட்டை வெட்டியிருப்பார்? துரைமார்களுக்கு முன்னாலேயே முதுவான் பழங்குடி ஜனங்கள் இங்கே குடியிருந்தார்கள், பாதை தெரிந்தவர்கள் அவர்கள்தான். வெட்டிச் சுத்தம் பண்ணி, குழி போட்டு, நாற்று நட்டது கீழேயிருந்து ஏறி வந்த நம்ம ஆட்கள். உன் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை பாப்பா. டீச்சர் சொல்லிக் கொடுத்ததை நீ எழுதினாய், சின்னப்பிள்ளை, அதற்குக் கோபம் இல்லை.

தாது வருசப் பஞ்சம், 1876 முதல் 78 வரை, மதுரைச் சீமையையே காயப் போட்ட பஞ்சம். அதற்குப் பின்னால் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணிகள் ஊர் ஊராக வந்து முன்பணம் கொடுத்து ஆள் கட்டினார்கள். மதுரைப் பக்கம், ராமநாதபுரம் பக்கம், திருநெல்வேலிப் பக்கம் என்று போடி வரை வந்து, கொட்டகுடி, குரங்கணி வழியாக ஏறியிருக்கிறார்கள். இன்றைக்கு டாப் ஸ்டேஷனில் நின்று போட்டோ எடுக்கிறார்களே, அதற்குக் கீழே தெரிகிற செங்குத்துப் பாதைதான். என் அப்பத்தாவின் மாமியார் இடுப்பில் பிள்ளையோடு அதில் ஏறி வந்தவள். மலைக்கு மேலே அரிசி கிடைக்குமா என்பதுகூட அவளுக்குத் தெரியாது. மழையும் அட்டையும் குளிரும் கேட்டுத் தெரிந்து வந்தவளும் இல்லை. வாங்கின முன்பணம் அடைகிற வரைக்கும் திரும்பிப் போக முடியாது. அடைந்த பிறகு திரும்புவதற்குக் கீழே ஒன்றும் மிச்சமில்லை.

சர்ச்சுக்கு மேலே அந்த வெள்ளைக்காரப் பெண்ணின் கல்லறையை நீ பார்த்திருக்கிறாய். 1894-ல், கல்யாணம் ஆகி வந்த கொஞ்ச நாளில் காலராவில் போனவள். அவளைப் புதைத்த இடம் முதலில் வந்தது, சர்ச் அதற்குப் பின்னால்தான் கட்டினார்கள். சின்ன வயசு, பாவம், நானும் அங்கே போனால் கும்பிட்டுவிட்டுத்தான் வருவேன். ஆனால் லயத்துக்குள், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்குள், வந்த காலராவுக்கும் குளிர் காய்ச்சலுக்கும் போனவர்களுக்குக் கல் எங்கே இருக்கிறது? நம்ம டிவிஷனில் பழைய புதைகாடு எது என்று கேட்டால் பெரியப்பா அஞ்சாம் நம்பர் காட்டைக் கையைக் காட்டுவார். அங்கே இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறோம்.

மூன்று ஆறும் கூடுகிற பள்ளத்தில் கடைவீதி வந்ததும் நம்ம ஆட்கள் முதுகில் ஏறித்தான். 1902-ல் ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாட்டை வைத்து வண்டி இழுத்தார்கள். 1908-ல் நிஜமான ரயிலே வந்துவிட்டது, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன் வரைக்கும். அங்கிருந்து தேயிலைப் பெட்டி ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கும், அப்புறம் வண்டியில் போடிக்கு. உன் ஆபீஸ் பிள்ளைகளிடம் மூணாற்றில் ரயில் ஓடியது என்று சொல்லிப் பார், நம்பமாட்டார்கள். 1924 ஜூலையில், மலையாளக் கணக்கில் 1099-ஆம் வருசம், தொண்ணூற்றி ஒன்பதாம் வெள்ளம் அத்தனையையும் கொண்டுபோனது. என் அப்பத்தா அதைப் பார்த்தவள். மலை இறங்கி நடந்து வந்த மாதிரி இருந்தது என்பாள், அதற்கு மேல் கேட்டால் பேசமாட்டாள். ரயிலைத் திரும்பப் போடவே இல்லை. ஊரைத் திரும்பக் கட்டினார்கள். சேறு அள்ளினது யார், சரிந்த காட்டில் மறுபடியும் நாற்று வைத்தது யார்? 1935-ல் நேரியமங்கலம் பாலம், 1940-ல் பள்ளிவாசல் என்கிற ஊரில் தண்ணீரில் எடுக்கிற கரண்ட். அதெல்லாம் வந்த பிறகுதான் கொச்சிப் பக்கத்துக்கு நல்ல வழி பிறந்தது, ஊரும் ஊராச்சு.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று உனக்குத் தெரியும். உன் கல்யாணத்துக்குப் போட்ட பயோடேட்டாவை அத்தை எனக்கும் அனுப்பியிருந்தாள். போட்டோ நல்லா இருந்தது, நீலச் சேலை உனக்கு எடுப்பாக இருக்கிறது. கீழே சொந்த ஊர் போடி, தகப்பனார் தொழில் விவசாயம் என்று இருந்தது. அம்மாவிடம் காட்டவில்லை. தாயார் என்ன செய்கிறார் என்கிற இடத்தில் இல்லத்தரசி என்று இருக்கிறதே, அதை எப்படிக் காட்டுவது? விடிந்ததும் பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, நின்றவள். மழையில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனவள். அந்த முட்டியை வைத்துக்கொண்டு இன்றைக்கும் மேடு ஏறுகிறாள். அத்தை தெரியாமல் போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அத்தை தன் இஷ்டத்துக்குப் போடுகிற ஆள் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

நான் உன்னைக் குறை சொல்லவில்லை. ஒரு ரூமும் அடுப்படியுமாக இருந்த லயத்தில், தம்பியும் அப்பத்தாவும் தூங்கின பிறகு அடுப்புப் பக்கம் உட்கார்ந்து படித்து இன்ஜினியரிங் சீட் வாங்கின பிள்ளை நீ. அன்றைக்கு லயம் முழுக்க நம்ம வீட்டுச் சீனிதான். இன்றைக்கும் அம்மா மருந்துக்கு நீ அனுப்புகிற பணம்தான் கைகொடுக்கிறது. வெளியே போனால் லயம் என்ற சொல்லுக்கே ஒரு பார்வை பார்ப்பார்கள், அதுவும் தெரியும். 1956-ல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளம் தாலுகா கேரளாவோடு நின்றது. அன்றையிலிருந்து இங்கே நாம் பாண்டிக்காரர்கள், கீழே போனால் மலையாளத்து ஆட்கள். மாப்பிள்ளை வீட்டில் என்ன கேட்டார்களோ, நீ எதற்குப் பயந்தாயோ. அந்தப் பையன் கேட்டானா, அவன் வீட்டார் கேட்டார்களா, இல்லை யாரும் கேட்காமலே நீயாகப் போட்டுக்கொண்டாயா? எதுவானாலும் அப்பாவிடம் சொல்லலாமே. போனை எடு.

2015 செப்டம்பரில் 20 சதவீத போனஸ் கேட்டு நம்ம பொம்பளைகள் ஒன்பது நாள் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே தள்ளிப்போகச் சொல்லிவிட்டு அவர்களாக உட்கார்ந்தார்கள், கேட்டதையும் வாங்கினார்கள். அப்போது நீ ஹாஸ்டலில். டிவியில் அம்மாவைப் பார்த்துவிட்டு, சேர்ந்து தங்கின பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு, எங்க அம்மா பாருங்கள் என்று காட்டினாயாம். நீதான் சொன்னாய். அம்மா அதை இன்னமும் கொழுந்துக்காட்டில் சொல்லிக்கொண்டு இருக்கிறாள்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்தபோதும், சேதி தெரிந்ததிலிருந்து போன் போட்டிருக்கிறாய், இங்கே டவர் இல்லை. 70 பேர் பாப்பா, லயத்தில் தூங்கின ஆட்கள், நிறையப் பேர் ஒருத்தருக்கொருத்தர் சொந்தம். என் குரல் கேட்டதும் நீ அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அந்த அழுகை போடி விவசாயிக்கு அழுதது இல்லை தாயி.

அம்மாவுக்கு மே மாசத்தோடு சர்வீஸ் முடிகிறது. அதுக்கப்புறம் லயத்தை ஒப்படைக்க வேண்டும். சாமான் ஒதுக்குவது அதற்குத்தான். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மா சொன்னாள், கல்யாணப் பேச்சு நடக்கும்போது பிள்ளை மனசு கலங்கும் என்று. நாலு தலைமுறையாக இருந்த ஊரில் நமக்கு ஒரு சென்ட் கிடையாது, அது உனக்குத் தெரிந்ததுதான். பெரியப்பா போடியில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறார், மாடி இல்லை, முட்டிக்கு நல்லது. ஜூனிலிருந்து அந்த பயோடேட்டாவில் இருக்கிறது ஒரு வகையில் உண்மையாகிவிடும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரை மே மாசத்துக்குள் இங்கே வரச் சொல். போடிக்கு வேண்டாம், அத்தை வீட்டுக்கும் வேண்டாம், இங்கே, நம்ம லயத்துக்கு. நீ பேசத் தயங்கினால் பையன் நம்பரைக் கொடு, நானே மரியாதையாகக் கூப்பிடுகிறேன். வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகிற வீடு என்றால் அது இப்போதே தெரியட்டும். வார நாளாகப் பார், சனி ஞாயிறில் டூரிஸ்ட் வண்டி ரோட்டை அடைத்துவிடும். போடிமெட்டு வரைக்கும் வந்தால் போதும், தம்பி ஜீப் பிடித்துக்கொண்டு வந்து கூட்டி வருவான். ராத்திரி தங்குகிற மாதிரி இருந்தால் பக்கத்து லயத்தில் ரூம் கேட்டு வைக்கிறேன், கம்பளி நம்மிடமே இருக்கிறது.

அம்மா லீவு சொல்ல வேண்டும், அதனால் தேதியை முன்னாலேயே சொல். பயோடேட்டா விஷயம் நான் எழுதினதாக அத்தையிடம் காட்டிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா