இரண்டாவது கியரில் ஓடும் ஊர்

தண்டையார்பேட்டை
ஞாயிறு காலை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எந்தக் கார் வாங்கலாம் என்று நீ கேட்டதற்கு, வண்டியில் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்காமல் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை. தாமதத்துக்கு அதுதான் காரணம். இந்த மூன்று வாரத்தில் ஐந்து கார் ஓட்டிவிட்டேன். உனக்காக மட்டும் இல்லை, எனக்கும் வண்டி தேவைப்படுகிறது.

முதலில் வீட்டுச் செய்தி. கமலாவுக்கு வலது முழங்கால் தேய்மானம் முற்றிவிட்டது. ஆபரேஷனை இப்போதைக்குத் தள்ளிப்போடலாம், வாரம் இரண்டு நாள் பிசியோதெரபிக்கு வரட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான். நம் தெருமுனை டீக்கடையை இப்போது கடைக்காரரின் மகன் பார்த்துக்கொள்கிறான், அதே ருசி. உன் வீட்டில் தங்கச்சிக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். கமலாவிடம் படித்துக் காட்டினேன், ரொம்ப சந்தோஷப்பட்டாள்.

என் பழைய காருக்குப் பதினாறு வயது. இஞ்சின் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, தகரம்தான் போய்விட்டது. டிரைவர் சீட்டுக்குக் கீழே ஃப்ளோர் மேட்டைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. ராயபுரத்தில் டிங்கரிங் பார்ப்பவர், "ஏற்கெனவே ஒரு தடவை பேட்ச் அடிச்சாச்சு, இனிமே வெல்டிங் பிடிக்க நல்ல தகரமே இல்லைங்க" என்று கையை விரித்துவிட்டார். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வண்டி நிறுத்துகிறோம், உப்புக்காற்று விட்டுவைக்குமா? கதவின் அடிப்பக்கத்தில் தண்ணீர் வடிவதற்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். அவை மண் அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்தே அரிக்கும். அதை நான் பல வருஷம் கவனிக்கவில்லை. நீ கடலை விட்டுத் தள்ளி இருக்கிறாய், உனக்கு இந்தக் கவலை குறைவு.

சரி, கார் விஷயத்துக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது உனக்குத் தெரியும். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இஞ்சின், இந்த வரம்புக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் 40 சதவீதம். அதனால் நம்மைப் போன்றவர்களுக்குத் தேர்வு பெரும்பாலும் அந்த நான்கு மீட்டருக்குள்தான். அப்படியும் அக்கா மகனின் கிரெட்டாவை, அந்த வரம்பைத் தாண்டிய பெரிய காரை, ஒரு நாள் வாங்கி ஓட்டினேன். அருமையான வண்டி. உள்ளே உட்கார்ந்தால் வெளிச்சத்தமே கேட்கவில்லை. ஆனால் அதன் அகலம் 1790 மில்லிமீட்டர். வேகன் ஆர் 1620. இரண்டுக்கும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வித்தியாசம், ஆனால் நம் தெருவில் அந்தச் சாண்தான் எல்லாமே. ஒரு பக்கம் பைக் வரிசை, இன்னொரு பக்கம் தண்ணீர்க் குடங்கள், எதிரே ஒரு மீன்பாடி வண்டி. கண்ணாடியை மடக்கி, பத்து நிமிஷம் நின்று, கடைசியில் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வந்தேன். பெரிய வண்டி ஆசை எனக்கு அன்றோடு போய்விட்டது.

டெஸ்ட் டிரைவ் என்றால் ஷோரூமில் ஒரு காலிச் சாலையைக் காட்டி, இரண்டு கிலோமீட்டர் நேராகப் போய்த் திரும்பச் சொல்கிறார்கள். அந்தச் சாலையில் எந்தக் கார்தான் நன்றாக ஓடாது? நான் ஒவ்வொரு இடத்திலும் பிடிவாதமாகக் கேட்டு, தண்டையார்பேட்டை ஹைரோடு, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட், மூலக்கடை மேம்பாலம், பிறகு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு என்று என் வழியிலேயே ஓட்டினேன். ஒரு ஷோரூமில் மறுத்தார்கள், அங்கிருந்து எழுந்து வந்துவிட்டேன். நீயும் இதை விட்டுக்கொடுக்காதே. தினமும் போகும் வழியில் ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதே.

கொருக்குப்பேட்டை கேட்டைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்ஸ் போகும், பின்னாலேயே எலெக்ட்ரிக் டிரெய்ன் போகும், கேட் தூக்கியதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாயும். ஷேர் ஆட்டோ, பைக், டிராலி, நடந்து போகிறவர்கள். அந்த நூறு மீட்டரை ஆள் நடக்கும் வேகத்தில்தான் கடக்க வேண்டும். அங்கேதான் ஒரு காரின் குணம் தெரிகிறது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது, எவ்வளவு மெதுவாகப் பிடிக்கிறது, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி நகருமா, இரண்டாவது கியரில் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் இஞ்சின் முக்குமா? எத்தனை குதிரைத்திறன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். நம் பக்கம் வண்டி நாள் முழுக்க இரண்டாவது கியரில்தான் ஓடுகிறது சுந்தரம். அந்தக் கியரில் நல்ல வண்டிதான் நல்ல வண்டி.

இங்கே வேகன் ஆர் 1.2 எனக்கு ரொம்பப் பிடித்தது. நான்கு சிலிண்டர். கிளட்ச் வெண்ணெய் மாதிரி, காலுக்குச் சிரமமே இல்லை. இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் அது பாட்டுக்குப் போகிறது. மூன்று சிலிண்டருக்கும் நான்குக்கும் உள்ள வித்தியாசம் இந்த வேகத்தில்தான் தெரியும். நான்கு சிலிண்டரில் இஞ்சினின் கிராங்க் தண்டு அரைச் சுற்று சுற்றுவதற்குள் ஒரு வெடிப்பு நடக்கிறது. மூன்றில் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக, 240 டிகிரிக்கு ஒன்று. அந்த இடைவெளியை நம் பாதம் உணர்கிறது, சிக்னலில் நிற்கும்போது சீட்டில் ஒரு சின்ன நடுக்கம் வருகிறது. வேகம் எடுத்துவிட்டால் மறைந்துவிடும்.

ஹூண்டாய் எக்ஸ்டரும் நான்கு சிலிண்டர்தான். அதில் ஏஎம்டி, கிளட்ச் பெடல் இல்லாத வகை, ஓட்டினேன். கேட்டில் பிரேக்கை மட்டும் விட்டால் போதும், ஊர்ந்து போகிறது. இடது காலுக்கு வேலையே இல்லை. முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது தலை ஒரு தடவை முன்னால் ஆடுகிறது. ஏஎம்டி என்றால் சாதாரண கியர்பாக்ஸ்தான், நமக்குப் பதிலாக ஒரு மோட்டார் கிளட்சை மிதிக்கிறது, அவ்வளவுதான். மாறப்போகும் நேரம் தெரிந்து ஆக்சிலரேட்டரை லேசாகத் தளர்த்தினால் அந்த ஆட்டம் போய்விடுகிறது. அரை மணி நேரத்தில் பழகிவிட்டது. ஆனால் மூலக்கடை மேம்பால ஏற்றத்தில் வண்டிகள் நின்றால் ஆக்சிலரேட்டரை மிதித்தே நிறுத்திவைக்கக் கூடாது, பிரேக்கில்தான் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கிளட்ச் சூடேறித் தேய்ந்துவிடும். ஏஎம்டி வாங்குவதாக இருந்தால் தங்கச்சிக்கும் இதைச் சொல்லிவை.

அப்புறம் டிரெய்லர். துறைமுகம் ஜீரோ கேட்டுக்குப் போகும் நாற்பது அடி கன்டெய்னர்கள் எண்ணூர் ரோட்டில் எப்படி நிற்கும் என்று உனக்குத் தெரியும். தாழ்வான காரில் அவற்றுக்கு நடுவே போனால் கிணற்றுக்குள் இருப்பது போல இருக்கிறது, சக்கரம்தான் தெரிகிறது. உயரமாக உட்கார்ந்தால் முன்னால் இரண்டு வண்டி தாண்டிப் பார்க்கலாம். டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். இடப்பக்கத்தில் நிற்கும் வண்டி டிரைவர் கண்ணில் படுவதும் இல்லை. இதைத் தெரியாமல் எத்தனை பைக்காரர்கள் அந்த இடைவெளியில் நுழைகிறார்கள்! பார்க்கவே பதறுகிறது.

ஸ்விஃப்ட்டைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. ஒரு நண்பருடைய புது ஸ்விஃப்ட், விடியற்காலை ஆறு மணி. காசிமேட்டில் ஏலம் முடிந்து மீன் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அதைத் தாண்டியதும் ரோடு காலி. வலப்பக்கம் கடல், பாறைகள், அப்போதுதான் வெளிச்சம் வருகிறது. அந்தக் காரின் எடை 920 கிலோதான், மூன்றாவது கியரில் காலை வைத்ததும் அப்படியே எழும்புகிறது. ஸ்டியரிங் கையில் உயிரோடு இருக்கிறது. திருவொற்றியூர் வரைக்கும் நான் பேசவே இல்லை. ஸ்டியரிங் பக்கத்திலேயே கியர் இருக்கும் மாமாவின் பத்மினி காரில் ராயபுரத்தில் நாம் முதன்முதலாக ஓட்டக் கற்ற நாளில் என்ன சந்தோஷம் இருந்ததோ, அது இத்தனை வயதுக்கப்புறம் திரும்பி வந்தது. சின்ன கார் ஓட்டுவதில் இருக்கும் சுகம் பெரிய வண்டியில் கிடைக்காது என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

ஆனால் திரும்பி வந்து கமலாவை உட்காரச் சொன்னேன். குனிந்து, காலை மடக்கி, உள்ளே இறங்கி உட்கார வேண்டியிருந்தது. எழுந்து வெளியே வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். ஒன்றும் சொல்லவில்லை. வேகன் ஆரில் சீட் அவள் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. பக்கவாட்டில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே திருப்பினால் போதும். வீட்டு நாற்காலியில் உட்காருவது மாதிரி உட்கார்ந்தாள். அங்கேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

இருந்தாலும் நான் வாங்குவதை நீ வாங்காதே. இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதுகிறேன். 2023-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் வேகன் ஆருக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒரே ஒரு நட்சத்திரம்தான் கிடைத்தது. அப்போது இரண்டு ஏர்பேக். இப்போது ஆறு ஏர்பேக் வைத்துத் தருகிறார்கள், நல்லதுதான், ஆனால் ஏர்பேக் மட்டும் வண்டியின் கூட்டைக் கெட்டியாக்கிவிடாது. நான் நாற்பதைத் தாண்டும் இடமே இங்கே கிடையாது, வெளியூர் என்றால் ரயில். நீ அப்படி இல்லை. மாதம் இரண்டு முறை நாகர்கோவிலுக்கு மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். நான்குவழிச் சாலையில் நூறில் போவாய். அதுவும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதக் காற்று எப்படி அடிக்கும் என்று நீயே எனக்குக் காட்டினாயே, அந்தக் காற்றாலைக் காட்டில் காரை நிறுத்தி. உயரமாக, அகலம் குறைவாக இருக்கும் வண்டியை அந்தப் பக்கக் காற்று தள்ளும்.

உனக்கு நான் சொல்வது டாடா பஞ்ச் கார். 2021-ல் அதே என்கேப்பின் அப்போதைய சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி. கதவு தொண்ணூறு டிகிரி திறக்கிறது, தங்கச்சிக்கு ஏறி இறங்கச் சுலபம். தரைக்கும் வண்டியின் அடிக்கும் இடைவெளியும் தாராளம். மணலி ரோட்டில் டிரெய்லர் போட்ட பள்ளங்களில் வேண்டுமென்றே இறக்கினேன், தூக்கிப் போடவில்லை, அமுங்கி எழுந்தது. மூன்று சிலிண்டர் நடுக்கம் நிற்கும்போது உண்டு, பிக்கப் ஸ்விஃப்ட் அளவுக்கு இல்லை. ஐந்து பேரோடு முந்தப் பார்த்தால் கியர் ஒன்று குறைத்துத்தான் எடுக்க வேண்டும். உன் ஓட்டத்துக்கு அது போதும்.

மழையில் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள். 2023 மிக்ஜாம் புயலில் இங்கே தெருவெல்லாம் தண்ணீர். மூன்று வீடு தள்ளி ஒருவர் தண்ணீரில் ஆஃப் ஆன காரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்தார். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அவருக்கு அப்படித்தான் ஆனது. நின்றுபோனால் தள்ளிக் கரையேற்று, சாவியைத் தொடாதே.

இன்னொரு விஷயம், எண்ணூர் போகும்போதெல்லாம் உன் அப்பா ஞாபகம். அசோக் லேலண்ட் சுவரைக் காட்டி, "இங்கே முதல்ல கட்டினது லாரி இல்லடா, காரு" என்பார். நாம் நம்பவில்லை. அவர் சொன்னது உண்மைதான். 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைச் சேர்த்து ஆஸ்டின் ஏ40 கார்தான் கட்டியிருக்கிறார்கள். லேலண்ட் பெயர் சேர்ந்தது 1955-ல். அந்த ஏ40-யும் ஒரு சின்ன குடும்பக் கார்தான். அவர் இருந்திருந்தால் இந்த ஐந்து காரிலும் அவரைக் கூட உட்காரவைத்திருப்பேன்.

நான் இன்னும் புக் செய்யவில்லை. அந்த ஒரு நட்சத்திரத்தைப் படித்துவிட்டு மகள் சம்மதிக்க மாட்டேன் என்கிறாள், எக்ஸ்டரே எடுங்கள் அப்பா என்கிறாள். கமலாவை இரண்டிலும் இன்னொரு முறை உட்காரவைத்துப் பார்த்து வரும் வெள்ளிக்கிழமைக்குள் முடிவு செய்வோம். நீ பஞ்சைப் பார்க்கப் போகும்போது தங்கச்சியைப் பின்சீட்டில் உட்காரவைத்து, அரை மணி நேரமாவது ஓட்டு. அவள் என்ன சொன்னாள் என்று எழுது.

வஞ்சிரக் கருவாடு இரண்டு கிலோ பார்சலில் வருகிறது. பொங்கலுக்கு நீங்கள் வரும்போது வண்டி வீட்டில் இருக்கும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ரோடு நமக்குத்தான். நீ ஓட்டு, நான் பக்கத்தில் உட்காருகிறேன்.

உன் நண்பன்,
கதிரேசன்