மணலில் இழுத்த செங்கல்

அன்பு மகளுக்கு,

பேரனுக்கு வரலாற்றை நடித்துக் காட்டியே வீட்டில் சொல்லிக்கொடுக்கப் போவதாகவும், அதற்காக அட்டையில் மகுடமும் வாளும் செய்துகொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். படித்து மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் உடையிலிருந்து தொடங்காதே அம்மா. அக்காலத்து மனிதர் தம் கையால் செய்த ஏதாவது ஒரு வேலையிலிருந்து தொடங்கு.

உனக்கு ஏழு வயதில், பண்டைய மெசொப்பொத்தேமியாவில் வாழ்ந்த சுமேரியரைப் போல எழுதிப் பார்க்கலாம் என்று ஈரக் களிமண்ணைத் தட்டையாக்கி, நாணல் குச்சி ஒன்றைச் சீவிக் கொடுத்தேன். நீ வட்டம் வரையப் பார்த்தாய்; குச்சி போன வழியெல்லாம் களிமண் பிதுங்கிக் கரைகட்டி நின்றது. இரண்டு முறை அழித்துவிட்டு, மூன்றாம் முறை முனையை வெறுமனே அழுத்தி எடுத்தாய். ஆப்பு வடிவில் தெளிவாக ஒரு தடம் விழுந்தது. 5,000 ஆண்டுகளுக்கு முன் படங்களாகத் தொடங்கிய எழுத்து ஏன் ஆப்பெழுத்தாக மாறியது என்பதை, நான் வாய் திறப்பதற்குள் உன் விரல்களே கண்டுகொண்டன. மிகப் பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை அரசர் கதைகள் அல்ல, கணக்குகளே என்று நான் சொன்னதும், உன் பொம்மைகளையெல்லாம் எண்ணி ஒரு பலகையில் பதித்து வைத்தாய்.

பேரனுக்கு முதலில் மணலைக் கொடு. அகன்ற தட்டில் உலர்ந்த மணலைப் பரப்பி, சிறு பலகையின் மேல் செங்கல்லை ஏற்றி, ரப்பர் பட்டையை மாட்டி இழுக்கச் சொல்; பட்டை எவ்வளவு நீள்கிறது என்று அளவுகோல் வைத்துக் குறிக்கட்டும். பிறகு மணலைச் சற்றே நனைத்து மறுபடி இழுக்கட்டும். பண்டைய எகிப்தில் ஜெஹுதிஹோதெப் என்ற மாகாண ஆளுநரின் கல்லறைச் சுவரில், சறுக்குப் பலகையில் ஏற்றிய பெருஞ்சிலையைப் பலர் வரிசையாக இழுக்க, ஒருவர் பலகையின் முன்முனையில் நின்று மணலில் நீர் ஊற்றும் ஓவியம் இருந்தது. நெடுங்காலம் அதைச் சடங்கு என்றே பலரும் கருதினார்கள். சரியான அளவு ஈரம் இழுவிசையைப் பாதியாகக் குறைக்கும் என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் 2014-இல் சோதித்துக் காட்டினர். நீர் மிகுந்துவிட்டால் மீண்டும் இழுப்பது கடினமாகும். அந்த அளவை அவனே தேடட்டும், நீ சொல்லிவிடாதே. ஓவியத்தின் படத்தையும் அதற்குப் பிறகே காட்டு.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன்: பிறர் பட்ட துன்பத்தைப் பிள்ளையை நடிக்க வைக்காதே. அடிமையாக ஒருவன், எசமானாக ஒருவன் என்று பிரித்துவிட்டால், ஒன்று அது விளையாட்டாகிவிடும், அல்லது அவன் மனத்தில் காயமாக நின்றுவிடும். அவன் வளர்ந்தபின், அடிமை வணிகத்தை எதிர்த்தவர்கள் 1788-இல் அச்சிட்ட, புரூக்ஸ் என்ற அடிமைக் கப்பலின் வரைபடத்தைக் காட்டி, அதில் ஓர் ஆணுக்கென ஒதுக்கிய 6 அடி நீளமும் 16 அங்குல அகலமும் கொண்ட இடத்தைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரையச் சொல். அதில் படுக்கச் சொல்லாதே; பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும்.

மணலில் செங்கல்லை இழுத்துப் பார்த்த அன்று அவன் முதலில் என்ன கேட்டான் என்பதை, அவன் சொன்ன சொற்களிலேயே எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா