மாடிசனில் இருக்கும் மகளுக்கு

மெம்பிஸ், டிசம்பர் 8

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். போன வாரமும் அதற்கு முந்தைய வாரமும் நீ தொலைபேசியை எடுக்கவில்லை என்று அம்மா கவலைப்படுகிறாள். வேலை மிகுதியாக இருக்கும் என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் ஊரில் பனி கொட்டுகிறதாமே, இருட்டிய பிறகு தனியாகக் கார் ஓட்டாதே.

நாளை மறுநாள் 10ஆம் தேதி. 1967இல் அந்த நாளில்தான் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங் வந்த சிறு விமானம், நீ நாள்தோறும் கடந்து போகும் மொனோனா ஏரியில் விழுந்தது. அவருக்கு வயது 26. உடன் வந்த பார்-கேஸ் இசைக்குழுவினர் நம் மெம்பிஸ் பிள்ளைகள். விமானத்தில் இருந்தவர்களில் ட்ரம்பெட் வாசிக்கும் பென் காலி ஒருவர்தான் பிழைத்தார். மொனோனா டெரஸ் மாடித் தோட்டத்தில் ஓட்டிஸுக்கு நினைவுப் பலகை இருக்கிறது. முடிந்தால் பகலில் போய்ச் சற்று நின்றுவிட்டு வா.

சனிக்கிழமை வழக்கம்போலத் தபால்காரர் வீட்டில் கூடினோம். அவர் இசைத்தட்டை விளிம்பில் மட்டும் பிடித்து, மெல்லிய துணியால் வட்டமாகத் துடைத்து, ஊசியை வைக்கும்வரை எவரும் பேசக் கூடாது. பிறகு ஆண்டுதோறும் நடக்கும் அதே வாக்குவாதம்: 'ரெஸ்பெக்ட்' (மரியாதை) என்ற பாட்டு ஓட்டிஸுடையதா, பாடகி அரேத்தா ஃப்ராங்க்ளினுடையதா?

1965இல் ஓட்டிஸ் தானே எழுதிப் பாடியபோது, உழைத்துவிட்டு வீடு திரும்பும் ஓர் ஆண் தன் மனைவியிடம் மரியாதை கேட்டான். ஈராண்டு கழித்து அரேத்தா, கேட்கும் இடத்தில் பெண்ணை நிறுத்திவிட்டார். 'ரெஸ்பெக்ட்' என்ற சொல்லை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் பாடும் இடம் ஓட்டிஸிடம் கிடையாது. நடுவே வரும் கிங் கர்ட்டிஸின் சாக்ஸபோனும் கிடையாது. பின்பாட்டுக்கு உடன்பிறந்த எர்மாவும் கரோலினும் நிற்க, அரேத்தா தனக்கு உரியதைக் கேட்கிறார், அதில் கெஞ்சல் துளியும் இல்லை. அந்த ஜூனில் மான்டரே இசைவிழா மேடையில் ஓட்டிஸே, இந்தப் பாட்டை ஒரு பெண் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டாள் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

இத்தனை காலமும் நான் ஓட்டிஸ் கட்சி, நீயும் அம்மாவும் அரேத்தா கட்சி. இந்தச் சனிக்கிழமை நான் அரேத்தாவுக்குக் கை தூக்கினேன்.

அந்தப் பாட்டு பதிவாவதற்குச் சில வாரங்களுக்கு முன், அலபாமாவின் மஸில் ஷோல்ஸில் அவருடைய கணவருக்கும் அங்கிருந்தவர்களுக்கும் மூண்ட தகராறில் பதிவே பாதியில் நின்றுபோனது. அந்த மணவாழ்க்கை 1969இல் முடிந்தது. பாட்டு முடியவில்லை. 1972இல் லாஸ் ஏஞ்சலிஸ் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவுகள் பாடிய பக்திப் பாடல்கள்தான் அவருடைய தொகுப்புகளில் மிக அதிகமாக விற்றவை. இரண்டாம் இரவு, அவருடைய அப்பா பாதிரியார் சி. எல். ஃப்ராங்க்ளின் முன்வரிசையில் இருந்தார். மகள் பியானோவில் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய், கைக்குட்டையால் அவர் முகத்து வியர்வையைத் துடைத்துவிட்டார். அந்தக் காட்சியைப் படத்தில் பார்த்தபோது உன் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

உன் ஆய்வுக்குப் பரிசு கிடைத்ததைக்கூட அடுத்தவர் சொல்லித்தான் அறிந்தோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை, தபால்காரரிடமும் சொன்னேன். ஆனாலும் அம்மாவுக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். மாப்பிள்ளையை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உன் விருப்பம்.

பருப்புப்பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் அனுப்பியிருக்கிறோம். வேளைக்குச் சாப்பிடு. இரவில் கார் ஓட்டாதே. உன் அறையில் இப்போது என் தட்டுகள்தான் அடுக்கியிருக்கின்றன, அவற்றை ஒரே பொழுதில் கூடத்துக்கு மாற்றிவிடுவேன். விடுமுறைக்கு வருவதானால் அந்தப் பனியில் நீ ஓட்டி வர வேண்டாம். பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும் வழி, நானே வந்து அழைத்துக்கொள்கிறேன். எத்தனை பெட்டி என்று மட்டும் சொல், அதற்கேற்ற வண்டி எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
அப்பா