பிங்ரியைக் கொடையாளர் என்று மட்டும் சொன்னால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நகர நிர்வாகங்கள் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, டெட்ராய்ட் மேயர் ஹேசன் பிங்ரியை ஏழைகள் உருளைக்கிழங்கு பயிரிட நிலம் தந்த கொடையாளர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரியில் பிழையில்லை. ஆனால் அவர் யாரை எதிர்த்து நின்றார் என்பது அதில் மறைந்துபோகிறது.

1840இல் மெயின் மாநிலத்தில் பிறந்து, காலணித் தொழிற்சாலையில் தோல் வெட்டிப் பிழைத்து, உள்நாட்டுப் போரில் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் அடைபட்டு மீண்ட அவர், 1866இல் டெட்ராய்ட்டில் கூட்டாளியுடன் காலணித் தொழில் தொடங்கிச் செல்வந்தரானார். 1889இல் அவரை மேயர் தேர்தலில் நிறுத்திய பணக்காரர்கள், தங்களுள் ஒருவர் என்று நம்பித்தான் நிறுத்தினார்கள். அவரோ பதவியேற்றபின் டிராம், எரிவாயு, தெருவிளக்கு நிறுவனங்கள் நகர மக்களிடம் எவ்வளவு கூடுதலாக வசூலிக்கின்றன என்று கணக்குக் கேட்கத் தொடங்கினார். டிராமில் ஒருமுறை செல்ல ஐந்து சென்ட் கொடுத்துவந்த ஊரில், அவர் முயற்சியால் 1895இல் ஓடத் தொடங்கிய போட்டி நிறுவனம் கால் டாலருக்கு எட்டுப் பயணச்சீட்டு தந்தது. தெருவிளக்குக்கு நகரமே மின்நிலையம் அமைத்தது. இதற்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று: வங்கி இயக்குநர் பதவி போயிற்று, தேவாலயத்தில் அவர் குடும்பம் வழக்கமாக அமர்ந்த இருக்கைகூடப் பறிபோயிற்று.

உருளைக்கிழங்குத் திட்டத்தை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 1893 நிதி நெருக்கடியில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து நிற்க, நகரின் ஓரங்களில் விலை ஏறட்டும் என்று வாங்கிப் போடப்பட்ட மனைகள் புல் முளைத்துக் கிடந்தன. அவற்றை உரிமையாளர்களிடம் தற்காலிகமாகக் கேட்டுப் பெற்று, விதைக்கிழங்கும் கருவிகளும் வாங்கப் பணம் திரட்ட முயன்றார். வசதி படைத்தோர் கைவிரித்தபோது, தாம் ஆசையாக வளர்த்த குதிரையை ஏலத்தில் விற்று அந்தத் தொகையைப் போட்டார். பத்திரிகைகள் கேலி செய்தன. 1894இல் சுமார் 430 ஏக்கரில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பயிரிட்டன; அவர்களில் போலந்து, ஜெர்மனி நாடுகளிலிருந்து குடியேறியவர்கள் பலர். நிவாரண அலுவலக வாசலில் கைநீட்டி நின்றிருக்க வேண்டியவர்கள், தம் கையால் தோண்டிய கிழங்கைக் கூடையில் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இதைக் கொடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவரிடம் குறையே இல்லை என்று வாதிடவில்லை. 1896இல் மிச்சிகன் ஆளுநராகத் தேர்வான பிறகும் மேயர் பதவியை விடாமல் இரண்டையும் வைத்துக்கொள்ள முயன்றது சரியன்று. மாநில உச்ச நீதிமன்றம் 1897இல் அதைத் தடுத்தது முறையே.

1901 ஜூனில் லண்டனில் காலமான அவருக்கு, பொதுமக்கள் தந்த நன்கொடையில் 1904இல் டெட்ராய்ட்டின் கிராண்ட் சர்க்கஸ் பூங்காவில் சிலை எழுந்தது. பெருந்தனியார் நிறுவனங்களால் வரவிருந்த ஆபத்தை மக்களுக்கு முதலில் எச்சரித்தவர் என்று அதன் பீடத்தில் பொறித்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்