எந்த ஊர் என்று கேட்டாயே

அன்பு மகள் யாழினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் நான் விஷயத்துக்கு வருவதற்குள் “சரி அம்மா, பார்க்கலாம்” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டியூட்டி இல்லாத நாளில் நிதானமாகப் படி.

நியூயார்க்கிலும் சிகாகோவிலும் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூட வேலை கிடைத்திருக்கிறது, இரண்டிலும் மாலை ஷிப்ட்தான், எங்கே போகட்டும் என்று கேட்டிருந்தாய். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்த வழக்கில் நான் நடுநிலையான சாட்சி இல்லை. நீ சிகாகோவுக்கு வந்தால் ஞாயிறு மதியம் எங்களோடு சாப்பிடுவாய். உன் அப்பா இப்போதே மாடி அறையிலிருந்த உடற்பயிற்சி சைக்கிளைக் கீழே இறக்கிவிட்டார். அவர் கட்சி சிகாகோ. 1893-இல் விவேகானந்தரே சிகாகோவைத் தேடித்தானே வந்தார் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. மற்ற வாதங்களும் ஏறக்குறைய இந்தத் தரத்தில்தான் இருக்கின்றன.

ஓர் ஊரை அதன் நல்ல நாளில் பார்த்து முடிவு செய்யாதே. பெண் பார்க்க வருகிறவர்கள் கேசரியைச் சாப்பிட்டுவிட்டுக் குடும்பத்தை எடைபோடுவது போன்றது அது. நீ எங்களைப் பார்க்க வருவது எப்போதும் ஜூலையில். ஜூலை மாதச் சிகாகோவுக்கு ஈடான ஊர் இந்த நாட்டில் எனக்குத் தெரியாது. இங்கிருக்கும் மிச்சிகன் ஏரியை முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் கடல் என்றே நினைப்பார்கள். எதிர்க்கரை தெரியாது, அலை அடிக்கும், உப்புக் காற்று மட்டும் இருக்காது. சிகாகோ நகரமாகப் பதிவாவதற்கு முன்பே, 1836-இல், நில வரைபடத்தில் மையப்பகுதியின் கரையைக் குறித்து ‘என்றைக்கும் கட்டடம் ஏதும் இல்லாமல் திறந்து கிடக்க வேண்டிய பொது நிலம்’ என்று எழுதி வைத்தார்கள். பின்னால் வந்தவர்களுக்கு அங்கே கட்ட ஆசை வந்தது. தபாலில் சரக்கு விற்றுப் பணக்காரரான மான்ட்கோமரி வார்ட் 1890-இல் வழக்குப் போட்டு, இருபது ஆண்டுகள் கோர்ட்டுப் படியேறித் தடுத்தார். ஊர்ப் பெரிய மனிதர்கள் அவரைத் திட்டினார்கள். அவர் அசையவில்லை. இன்று ஏரியை ஒட்டி 18 மைல் நீளத்துக்கு நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் பாதை இருக்கிறது. யாரும் டிக்கெட் கேட்பதில்லை. நியூயார்க்கில் தண்ணீர் நான்கு பக்கமும் இருந்தும், வெகுகாலம் அதைச் சரக்குத் துறைக்கும் நெடுஞ்சாலைக்கும் கொடுத்துவிட்டார்கள். இப்போதுதான் கரையை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டேட்டன் தீவுக்குப் போகும் படகில் 1997 முதல் கட்டணம் இல்லை, அது ஒன்று நன்றாக இருக்கும்.

ஆனால் நீ வாழப் போவது பன்னிரண்டு மாதமும். பிப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஷிப்ட் முடிந்து இரவு பதினொன்றரை மணி. அந்த நேரத்தில் ஊர் உன்னை எப்படி நடத்துகிறது என்று பார். வண்டி ஓட்ட மாட்டேன் என்று நீ பிடிவாதமாக இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

சிகாகோவில் ரெட், புளூ என்ற இரண்டு தடங்களில் மட்டும்தான் இரவு முழுவதும் ரயில் ஓடும். ஆஸ்பத்திரியும் வீடும் அந்த ஒரே தடத்தில் அமைந்தால் பிழைத்தாய். இல்லாவிட்டால் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், அல்லது தினமும் வாடகைக் காருக்கு அழ வேண்டும். நிலையங்கள் பலவும் தூண்களின் மேல் நிற்பவை. காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும். பிளாட்பாரத்தில் ஒரு பொத்தான் இருக்கும், அழுத்தினால் தலைக்கு மேல் சூட்டு விளக்குகள் எரியும். அதன் கீழே முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் உரச, ஒரு வார்த்தை பேசாமல், ரயில் வரும் திசையைப் பார்த்தபடி நிற்பார்கள். சற்று நேரத்தில் விளக்கு தானே அணைந்துவிடும். பையிலிருந்து கையை எடுக்க மனமில்லாத யாராவது முழங்கையால் மறுபடி அழுத்துவார்கள். 2019 ஜனவரி 30-ஆம் தேதி இங்கே மைனஸ் 23 பாரன்ஹீட், செல்சியஸ் கணக்கில் மைனஸ் 30-க்கும் கீழே. தண்டவாளம் பிரியும் இடங்கள் உறைந்துவிடாமல் இருக்க அங்கே தீ எரியவிட்டு ரயிலை ஓட்டினார்கள். பாஸ்டனில் இருக்கிறவளுக்குக் குளிரைப் பற்றிச் சொல்கிறாயா என்று நீ சிரிக்கலாம். பாஸ்டன் கைக்குள் அடங்குகிற ஊர், இது தட்டையாக மைல்கணக்கில் விரிந்து கிடக்கிறது. நாலு தெரு நடந்தால் வீடு வந்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

நியூயார்க் சுரங்க ரயில் 1904-இல் தொடங்கியது. இன்று 472 நிலையங்கள், நடு இரவிலும் ரயில் உண்டு. அழகு என்று நான் சொல்லவில்லை. எலி ஓடும், சில மூலைகளில் மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், சனி ஞாயிறுகளில் பராமரிப்பு வேலை என்று தடத்தையே மாற்றிவிடுவார்கள். பெரும்பாலான நிலையங்களில் லிப்ட் கிடையாது. ஆனாலும் நள்ளிரவுப் பெட்டியில் நீ தனியாக இருக்க மாட்டாய். வேலை முடிந்த நர்சுகள், சமையல்காரர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோரும் அரைத் தூக்கத்தில் அதே ரயிலில் வருவார்கள்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நாம் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் இருந்தோம் அல்லவா? 74-ஆவது தெரு நிலையத்தில் உன்னைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் கீழே நிற்பேன். யாரையும் உதவி கேட்க எனக்கு வாய் வராது. ஒரு நாள் கோட்டுப் போட்ட ஓர் ஆள், காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டே வந்தார். திட்டுவதை நிறுத்தாமல் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கினார். பின்பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். மேலே போய் வண்டியை இறக்கி வைத்தார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். அதன் பிறகு கவனித்தேன், அந்த ஊரில் அநேகமாக எல்லோரும் அப்படித்தான். நின்று நலம் விசாரிக்க மாட்டார்கள், வண்டியைத் தூக்கிவிடுவார்கள்.

சிகாகோக்காரர்கள் முகம் பார்த்துச் சிரிப்பார்கள். லிப்டில் ஏறினால் வானிலை பற்றிப் பேசுவார்கள், பிறகு பிள்ளைகள் பற்றி, பிறகு வீட்டு வரி பற்றி. அந்த இனிமைக்குப் பனிக்காலத்தில் ஓர் எல்லை உண்டு. தெருவில் பனியை வாரிக் காரை எடுத்தவர்கள், திரும்பி வரும்வரை அந்த இடத்தில் பழைய நாற்காலி, இஸ்திரி மேசை என்று எதையாவது வைத்துவிட்டுப் போவார்கள். சட்டப்படி அது செல்லாது, ஆனால் நாற்காலியை நகர்த்திவிட்டு அங்கே காரை நிறுத்தும் தைரியம் ஊரில் யாருக்கும் கிடையாது. கார் நிறுத்தம் என்றவுடன் அப்பாவுக்கு ரத்தம் கொதிக்கும். 2008-இல் கார் நிறுத்தக் காசு வாங்கும் தெரு மீட்டர்களையெல்லாம் 75 ஆண்டுக் குத்தகைக்குத் தனியாருக்கு விட்டுவிட்டார்கள் என்று நூறு முறை சொல்லிவிட்டார். உனக்குக் காரே இல்லாததால் அந்தக் கவலையை அவரிடமே விட்டுவிடு.

பணக் கணக்கில் சிகாகோதான் வெல்லும், அதில் பேச்சே இல்லை. நியூயார்க்கின் மையமான மன்ஹாட்டனில் ஒரு படுக்கையறை வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையில் இங்கே இரண்டு படுக்கையறையும் வெளிச்சமும் கிடைக்கும். நியூயார்க்கில் மாநில வருமான வரிக்கு மேல் நகரத்துக்கென்று தனியாக மூன்று சதவீதத்துக்கும் சற்று அதிகமாகப் பிடிப்பார்கள். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் எல்லோருக்கும் ஒரே 4.95 சதவீதம், நகர வருமான வரி இல்லை. கடையில் மட்டும் பழிவாங்குவார்கள், சிகாகோவில் விற்பனை வரி பத்து சதவீதத்தைத் தாண்டுகிறது. ஒன்று கவனி: நியூயார்க்கில் ஏறக்குறைய பத்து லட்சம் வீடுகளின் வாடகை உயர்வை ஒரு வாரியம் கட்டுப்படுத்துகிறது. இல்லினாயில் நகராட்சி அப்படிச் செய்யக் கூடாது என்று 1997 முதல் சட்டமே இருக்கிறது. முதல் வருட வாடகையை மட்டும் பார்த்து ஏமாறாதே.

குப்பையையும் சொல்லிவிடுகிறேன், நீ சிரித்தாலும் சரி. சிகாகோவில் வீடுகளுக்குப் பின்னால் சந்துகள் ஓடுகின்றன, மொத்தம் 1,900 மைல். குப்பை, மின்கம்பம், கராஜ் எல்லாம் அங்கே. நியூயார்க்கின் தெருக்களை 1811-இல் கோடு போட்டபோது சந்தே வைக்கவில்லை. அதனால் வெகுகாலமாகக் கறுப்புப் பைகள் நடைபாதையில்தான். இப்போது மூடி போட்ட தொட்டியைக் கட்டாயமாக்கி வருகிறார்கள். மூக்கு உள்ளவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சாப்பாட்டிலும் கோயிலிலும் இரண்டு ஊரும் குறை வைக்காது. இங்கே டெவான் அவென்யூவில் கறிவேப்பிலையிலிருந்து வெள்ளிக் கொலுசு வரை கிடைக்கும். ஆனால் அரோரா பெருமாள் கோயில் நகரத்திலிருந்து 40 மைல், கார் உள்ளவர்களுக்கே பெருமாள். நியூயார்க்கில் பிளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு 7-ஆம் எண் ரயிலில் கடைசி நிலையம் வரை போய் இறங்கி நடந்தே போகலாம். 1977-இல் கும்பாபிஷேகம் ஆன கோயில், அதன் அடித்தளத்தில் கேன்டீன். கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினால் தோசை. நாங்கள் பண்டிகைகளை அங்கேதான் கழித்தோம்.

என் தீர்ப்பு இதுதான். நியூயார்க்குக்குப் போ. உனக்குத் தனியாக இருக்கத் தெரியும், தானாகப் போய் நாலு பேரிடம் பேசத் தெரியாது. சிகாகோவில் வெதுவெதுப்பான பெரிய வீட்டில் நவம்பரில் நுழைந்தால் ஏப்ரலில்தான் வெளியே வருவாய், எனக்கு உன்னைத் தெரியும். ஞாயிறு தோறும் எங்கள் வீட்டுக்கு வருவாய், மற்ற நாட்களில் யாரையும் பார்க்க மாட்டாய். நியூயார்க்கில் பால் வாங்கப் போனாலே பத்துப் பேரைக் கடந்து போக வேண்டும். வீடு சின்னது என்பதால் நீயே வெளியே ஓடுவாய். கல்யாணம், குழந்தை என்று வந்த பிறகு ஏரிக்கரைக்கு வா, அது எங்கும் போய்விடாது.

மன்ஹாட்டனில் வீடு பார்க்காதே. குவீன்ஸில், 7-ஆம் எண் ரயிலை ஒட்டிப் பார். ஜன்னலுக்கு நேரே ரயில் ஓடும் வீடு மட்டும் வேண்டாம். தரகரை வீட்டுக்காரர் அமர்த்தியிருந்தால் அவருக்கு நீ கட்டணம் தர வேண்டியதில்லை, 2025 ஜூன் முதல் அதுதான் சட்டம். உன் வேலைக்கு நியூயார்க் மாநில உரிமம் தனியாக வாங்க வேண்டும், பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில் அது இல்லாததால் உனக்குப் புதிது. விண்ணப்பத்தை இந்த வாரமே போட்டுவிடு.

மாத வாடகையைப்போல் 40 மடங்கு ஆண்டு வருமானம் வேண்டும் என்பார்கள் நியூயார்க் வீட்டுக்காரர்கள். 2,500 டாலர் வாடகை என்றால் ஒரு லட்சம். உனக்குக் கொஞ்சம் குறையும், அப்போது 80 மடங்கு காட்டும் ஜாமீன்தாரர் கேட்பார்கள். எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்தால் போதும். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. வரிப் படிவங்களை எடுத்துவைக்கச் சொன்னேன், எதற்கு என்று கேட்டார். உனக்கு வீடு பார்க்க என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சந்தோஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். எந்த ஊர் என்பதை நீயே போன் செய்து சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா