நன்றிக் கடிதம் சான்று ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வளரிளம் பிள்ளைகளுக்கான வழிகாட்டித் திட்டம் (ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு தன்னார்வலர் தவறாமல் சந்தித்துத் துணையாக இருப்பது) பற்றிய கட்டுரையில், திட்டம் வெற்றி என்பதற்கு ஒரே ஆதாரமாகப் பிள்ளைகளின் நன்றிக் கடிதங்களைப் போட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கேம்பிரிட்ஜ்-சோமர்வில் ஆய்வு உங்களுக்குத் தெரியாததா? அமெரிக்காவில் 1939-இல் 506 பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் வருஷக்கணக்கில் ஆலோசகர்களை அனுப்பினார்கள். பெரியவர்களான பிறகு, அந்த உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்குபேர் அது தங்களுக்கு உதவியது என்றே சொன்னார்கள். ஆனால் 1978-இல் ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கணக்கைப் பார்த்தால், மீண்டும் குற்றம் செய்வதிலும் குடியிலும் மனநோயிலும் உதவி கிடைக்காதவர்களைவிட அவர்கள் நிலைமைதான் மோசம். இவ்வளவு தெரிந்த பிறகும் நன்றிக் கடிதத்தை எப்படி ஆதாரமாக ஏற்றீர்கள்?

நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளிக்கும் இதே மாதிரித் திட்டத்தோடு ஒரு தொண்டு நிறுவனம் வந்தது. முதல் நாளே பேனர், போட்டோ. முதல் மாதமே பிள்ளைகளிடம் கருத்துப் படிவம் வாங்கிக்கொண்டார்கள், அப்போது எந்தப் பிள்ளை குறை சொல்லும்? அரையாண்டுத் தேர்வுக்குள் தன்னார்வலர்கள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, தனக்கு வழிகாட்டியாக வந்த அக்காவிடம் காட்ட வேண்டும் என்று கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சனிக்கிழமைதோறும் வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் என்னிடமும் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அந்த வருட அறிக்கையில் அவளும் பயனாளி! அப்போதே உங்களுக்கு எழுதினேன், பிரசுரமாகவில்லை.

மூன்று மாதத்துக்குள் முறிந்த வழிகாட்டி உறவுகளில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்தது என்றும், ஒரு வருஷம் தாண்டியவர்களுக்கே பலன் அதிகம் என்றும் கிராஸ்மேன், ரோட்ஸ் என்ற ஆய்வாளர்கள் 2002-இலேயே எழுதிவிட்டார்கள். வழிகாட்டிகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிக் பிரதர்ஸ் பிக் சிஸ்டர்ஸ் என்ற அமெரிக்க வழிகாட்டி அமைப்பில் 959 பிள்ளைகளைக் குலுக்கல்போலப் பிரித்து நடத்திய ஆய்வு 1995-இல் வந்தது. வழிகாட்டி கிடைத்தவர்கள் போதைப்பொருளைத் தொடங்கும் வாய்ப்பு 46 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே ஆளைச் சல்லடை போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள், பெரும்பாலோர் மாதம் மூன்று முறையாவது சந்தித்தார்கள், மேற்பார்வைக்குத் தனி ஆள் இருந்தார். இதில் எதைப் பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒரு வரி கிடையாது.

இனி இப்படி ஒரு கட்டுரை போடும்போது, உறவு சராசரியாக எத்தனை மாதம் நீடித்தது, திட்டத்தில் சேராத பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா என்ற இரண்டு கேள்விகளை அந்த நிறுவனத்திடம் கேட்டுப் பதிலையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை, தஞ்சாவூர்